மழையை வாசலில் நிறுத்தியவர்

1999ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மூன்றாம் நாள் பிற்பகல் முதல், குத்தாயிசி நகரின் மேட்டுத் தெருவில் உள்ள வார்லாமின் வீட்டின் மீது மழை பெய்வதில்லை. தெருவில் பெய்யும். இடப்புறத்து வீட்டிலும் வலப்புறத்து வீட்டிலும் பெய்யும். எதிர்வீட்டில் வசிக்கும் அவருடைய மைத்துனி ஜூலியெத்தாவின் தகரக் கூரையில் கூழாங்கல் கொட்டினாற்போலப் பெய்யும். வார்லாமின் வேலியை அடைந்ததும் நின்றுவிடும். ஆண்டில் பாதி நாள் குடையோடு திரியும் ஊர் அது. ஆதலால் ஒரு வீடு மட்டும் உலர்ந்திருப்பதைக் கண்டு மக்கள் முதல் மாதம் வியந்தனர், இரண்டாம் மாதம் அதனைப் பயன்படுத்திக்கொண்டனர். இலையுதிர் காலத்தில் தெருவினர் அனைவரும் தத்தம் துணிகளை அவர் முற்றத்தில் உலர்த்தினர். அக்ரூட் கொட்டைகளையும் சோளக்கதிர்களையும் பரப்பினர். வானிலை அலுவலகத்திலிருந்து ஒருவர் அளவுக்கருவியுடன் வந்து, வேலிக்கு வெளியே ஒரு குடுவையும் உள்ளே ஒரு குடுவையும் வைத்து, இரண்டு நாள் கழித்து இரண்டையும் பார்த்து, தாளில் எழுதி, உணவருந்திச் சென்றார். அவர் எழுதியதை எவரும் மறுக்கவில்லை.

இதற்குக் காரணம் வார்லாமின் நாவன்மையே ஆகும். நகரப் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை தயாரிப்பது அவருடைய தொழில். ஆயினும் அவரை ஊர் அறிந்திருந்தது விருந்துகளில் வாழ்த்துரை கூறி மதுக்கொம்பு ஏந்தும் தலைவராகத்தான். அத்தகையவரை அந்நாட்டில் தமதா என்பர். அவர் பேசினால் பத்தாண்டுப் பகைவர்கள் தழுவிக்கொள்வார்கள்; அவர் பேசாத திருமணத்தைப் பாதித் திருமணம் என்றே பெண்வீட்டார் கருதினர். அந்த ஏப்ரல் நாளில், துருப்பிடித்து ஒழுகிய பழைய கூரையை வலிகோ என்னும் தச்சரும் அவருடைய ஆட்கள் நால்வரும் கழற்றி இறக்கினர். வேலைக்கு வந்தவர்களை உண்பிக்காமல் இருப்பது அந்நாட்டார் அறியாத செயல். எனவே மாடியில், திறந்த வானத்தின் கீழ், மேசை போடப்பட்டது. பாலாடைக்கட்டி ரொட்டியும் அவரைக் குழம்பும் புளிப்பு பிளம் சாறும் வந்தன. அவ்வேளையில் மலைக்கு மேலே ஒரு கருமேகம் தோன்றியது. வலிகோ ஏணியைப் பார்த்தார். வார்லாமோ கொம்பை நிரப்பிக்கொண்டு எழுந்து நின்றார்.

“மழை ஐயா, நீங்க பெரிய மனுஷன். எங்க வீடு இன்னிக்கு வெறுந்தலையோட நிக்குது. இப்ப நீங்க உள்ள வந்தா எனக்கு அவமானம், உங்களுக்கும் மரியாதை இல்ல. கூரை போட்டு முடிக்கிற வரைக்கும் வாசல்ல கொஞ்சம் பொறுத்துக்குங்க. அப்புறம் நானே வந்து கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்.”

கொம்பைத் துளி மீதமின்றிக் குடித்தார். மேகம் இறங்கி வந்தது; தெருவை நனைத்தது; வேலியருகே நின்றது. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் ஒரே குரலாகக் கூவினர். வார்லாமின் வாழ்நாளில் அதனினும் சிறந்த வாழ்த்துரை அமைந்ததில்லை. அவரும் அதை அறிந்திருந்தார் என்பதில்தான் எல்லாத் தீங்கும் தொடங்கியது.

ஏனெனில், ஒழுகாத வீட்டிற்கு அவசரம் என்பது இல்லை. மறுவாரம் வலிகோ வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வீட்டில் படுக்கையின் மேலேயே தண்ணீர் கொட்டுவதாக அவருக்கு அழைப்பு வந்திருந்தது. அதற்கடுத்த மாதம் இரண்டு நாள் வந்து, முகட்டு உத்தரத்தைத் தூக்கி நிறுத்தி, அதைக் கொண்டாட நான்கு மணி நேரம் மேசையில் அமர்ந்து, திரும்பிச் சென்றார். வேனிலில் வந்தார்; கைமரம் மூன்று வைத்தார்; பதினொரு மணிக்கு வந்தவரை மேசை பன்னிரண்டு மணிக்கு அழைத்துக்கொண்டது. மேசையில் தன்னோடு கொம்பு பகிர்ந்த மனிதனிடம், “வேலை எங்கேடா?” என்று கேட்பது எங்ஙனம்? பேருந்து நான்கு நிமிடம் தாமதித்தால் ஓட்டுநரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் வார்லாம், தம் வீட்டு வாசலுக்குள் வந்துவிட்ட ஒருவரிடம் குரலுயர்த்தத் தெரியாதவராக இருந்தார். ஒரேயொரு முறை துணிந்து கேட்டார். வலிகோ மிகுந்த அன்போடு விடையிறுத்தார்.

“வார்லாம் அண்ணே, ஊரே ஒழுகுது. உங்க வீடு ஒண்ணுதான் ஒழுகல. நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க, நான் யார் வீட்டுக்கு மொதல்ல போகணும்?”

நியாயம் வலிகோவின் பக்கமே இருந்தது. வார்லாம் அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினார்.

வார்லாமின் மனைவி நஸிப்ரோலா தையற்காரி, அதிகம் பேசாதவள். தகரக் கூரையின் கீழ் பிறந்து, தகரத்தில் விழும் மழையோசையைக் கேட்டே உறங்கிப் பழகியவள். மணமான நாள்முதல் மாடியறையில், முகட்டுக்கு நேர் கீழே அவளது கட்டில் இருந்தது. இப்போது அக்கட்டிலின் மேல் வானம் இருந்தது. அடுத்த தெருவின் நான்கு மாடிக் குடியிருப்பிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவளது தலையணை உறையின் பூவேலை கூடத் தெரிந்தது. ஆகவே இருவரும் கீழே, மதுத்தாழிகளின் வாசம் வீசும் அறைக்குப் படுக்கையை மாற்றினர். நஸிப்ரோலாவுக்கு அங்கே உறக்கம் வரவில்லை. முற்றம் முழுவதும் படர்ந்திருந்த திராட்சைக்கொடிக்கு மழை கிட்டாததால், நாள்தோறும் காலையில் தெருக்குழாயிலிருந்து பதினான்கு வாளி சுமந்து ஊற்றினாள். கூரையைப் பற்றி அவள் முதன்முறை வாய் திறந்தது இரண்டாம் ஆண்டின் இறுதியில்.

“ஒரு புரோராப் வெச்சுக்கலாம், வார்லாம்.”

கட்டட வேலை முழுவதையும் பொறுப்பேற்று, ஆட்களை வரவழைத்து, மரத்தையும் தகரத்தையும் கொள்முதல் செய்து, வேண்டிய இடத்தில் வசைபாடி முடித்துக் கொடுப்பவரை அவ்வூரார் புரோராப் என்று அழைப்பர்.

“எதுக்கு? எனக்கு வாய் இல்லையா?”

“இருக்கு. மழைகிட்டப் பேசற வாய். வலிகோகிட்டப் பேச வேற வாய் வேணும்.”

வார்லாம் சிரித்தார். எனினும் அன்று முதல் அக்கேள்வி அவரைவிட்டு நீங்கவில்லை. ஓர் அந்நியனைக் கூலிக்கு அமர்த்தித் தன் விருந்தாளிகளைத் திட்டவைப்பது கண்ணியமா என்று பணிமனையில் கேட்டார், அடுமனையில் கேட்டார், கல்லறைத் தோட்டத்தில் தம் தந்தையிடமும் கேட்டார். பாதிப் பேர் வை என்றனர். மீதிப் பேர், ஊரையே பேச்சால் ஆட்டிவைப்பவன் பேசுவதற்கு ஆள் பிடிப்பதா என்று நகைத்தனர். அந்த நகைப்புத்தான் அவர் காதில் நின்றது.

ஈராண்டு எண்ணியபின், எண்ணிப் பார்ப்பதற்காகவே, கார்லோ என்னும் புரோராப்பை வீட்டிற்கு அழைத்தார். கார்லோ காதில் பென்சிலும் கையில் அளவுநாடாவும் உடையவராய், கண்டிப்பான முகத்தோடு வந்தார். கண்டிப்பான முகத்தோடு வந்தாலும் விருந்தாளி விருந்தாளியே அல்லவா? மேசை போடப்பட்டது. மறைந்தோருக்கான வாழ்த்துரையின்போது, கார்லோவின் தந்தையும் வார்லாமின் தந்தையும் ஒரே செங்கற்சூளையில் ஒரே தள்ளுவண்டியைத் தள்ளியவர்கள் என்பது தெரியவந்தது. இருவரும் அழுதனர். அந்தக் கோடையில் கார்லோவின் மகனுக்கு வார்லாம் ஞானத்தந்தையானார். ஞான உறவினனைக் கூலிக்கு அமர்த்துவது முறையன்று. ஆதலின் கார்லோ கூரையைக் கட்டவில்லை, ஞாயிறுதோறும் உண்ண வந்தார். அடுத்து அழைக்கப்பட்ட புரோராப், உணவு பரிமாறிய ஜூலியெத்தாவின் மகளைக் கண்டு, அவ்வாண்டு திராட்சை அறுவடைக்குள் அவளை மணந்து கடலோர நகரான பாத்தூமிக்கு அழைத்துச் சென்றுவிட்டான். மூன்றாமவர் பழைய பாடல்களில் இரண்டாங்குரல் பாடுவதில் வல்லவர் என்பது தெரிந்தபின் கூரையைப் பற்றிப் பேச நேரமே இருக்கவில்லை.

“இன்னும் ரெண்டு பேர வரச் சொல்லு,” என்றாள் ஜூலியெத்தா, வேலிக்கு அப்பால் குடையின் கீழ் நின்றுகொண்டு. “என் தங்கச்சிக்குக் கூரை கிடைக்குதோ இல்லையோ, நமக்குச் சொந்தக்காரங்க குறையாது.”

2006ஆம் ஆண்டு அக்டோபரில், கணவரிடம் கூறாமல், நஸிப்ரோலா தானே ஒரு புரோராப்பைக் கண்டுபிடித்தாள். மாக்வாலா என்பது அப்பெண்ணின் பெயர், பள்ளிக்கூடங்களுக்கும் பாலங்களுக்கும் மேற்பார்வை செய்தவர், நாற்பது வயது, ஆண்களின் காலணி அணிந்திருந்தார். அன்று பெருமழை. மாக்வாலா வேலிக்கு வெளியே, மழையில், நின்ற இடத்திலிருந்தே முகட்டையும் மூன்று கைமரங்களையும் நோக்கினார். வார்லாம் கதவை அகலத் திறந்து, இரு கைகளையும் நீட்டி வரவேற்றார்.

“உள்ள வாங்கம்மா! நனையறீங்க. ஒரு அடி வெச்சா போதும், இங்க மழையே கிடையாது.”

“பரவால்லைங்க. இங்கயே நிக்கறேன்.”

“ஒரு வாய் ஒயினாவது...”

“வேண்டாங்க.”

“தண்ணி?”

“தண்ணியும் வேண்டாம். தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. நான் உள்ள வந்தா விருந்தாளி. வெளிய நின்னா வேலைக்காரி. உங்களுக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. கூரை ஏறி முடியறவரைக்கும் நானும் உங்க மேசையில உக்கார மாட்டேன், என் ஆளுங்களும் உக்கார மாட்டாங்க.”

வார்லாமின் கைகள் நீட்டியபடியே இருந்தன. அவர் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக எவரும் வாசலில் நின்று தண்ணீரை மறுத்ததில்லை. அவ்வளவு மழையிலும் அண்டைவீட்டார் சாளரங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தனர். அவர் மிகுந்த மரியாதையோடு, இவ்வளவு தொலைவு வந்ததற்கு நன்றி என்றும், யோசித்துச் சொல்வதாகவும் கூறினார். மாக்வாலா தலையசைத்துவிட்டு, மழையில் நடந்து சென்றார். அவர் தெருமுனையைக் கடக்கும்வரை நஸிப்ரோலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் வீட்டுத் தண்ணியக்கூடத் தொடமாட்டேங்கிற பொம்பளைக்கு என் கூரையைக் குடுக்கணுமா?” என்றார் வார்லாம்.

“உனக்கு ஏது கூரை?”

“நஸி...”

“வந்தவங்கள எல்லாம் உக்கார வெச்ச. மழைய நிக்க வெச்ச. இப்ப வேலை செய்ய வந்தவள அனுப்பி வெச்சுட்ட. நான் என்ன செய்யணும்னு நினைக்கிற? உக்காரணுமா, நிக்கணுமா?”

அவள் சண்டையிடவில்லை. தையல் இயந்திரத்தையும் தலையணையையும் இரண்டு முறை தெருவைக் கடந்து கொண்டுபோய் ஜூலியெத்தாவின் மாடியறையில் வைத்தாள். அங்கே அன்று தகரத்தின் மேல் மழை விழுந்தது; ஏழரை ஆண்டுகளில் முதல் முறையாக அவள் இடையறாது உறங்கினாள். மறுநாள் நண்பகல் வார்லாமுக்கு உணவு எடுத்து வந்தாள். அதன்பின் ஒவ்வொரு நண்பகலும் எடுத்து வந்தாள். மணமுறிவு என்று எவரும் அதைக் கூறவில்லை. அவள் தெருவின் ஈரமான பக்கத்தில் வசிக்கிறாள் என்று மட்டுமே கூறினர்.

திராட்சைக்கொடிக்கு வாளி சுமக்க வார்லாம் முயன்றார். எட்டு வாளிக்கு மேல் அவரால் இயலவில்லை. இரண்டு கோடைகளில் கொடி காய்ந்தது. தம் வாழ்நாளில் முதல் முறையாக அவர் கடையில் மது வாங்கி, எவரும் காணாவண்ணம் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார். வாழ்த்துரைக்கான அழைப்புகள் குறைந்தன. அவர் பேச்சில் குறையொன்றும் இல்லை. ஆனால் இல்லறத்தின் இனிமை குறித்து அவர் பேசத் தொடங்குகையில் மணப்பெண்கள் தலைகுனிந்தனர். மூன்று கைமரங்களும் வெயிலில் வெளுத்தன. மாக்வாலாவை அழைத்துவிடலாம் என்று ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எண்ணினார். ஒவ்வொரு முறையும், தாம் திறந்து நின்ற அக்கதவும், நீட்டிய கைகளும், சாளரங்களில் தெரிந்த முகங்களும் நினைவுக்கு வந்தன. யோசித்துச் சொல்வதாகக் கூறியிருந்தார் அல்லவா? யோசித்துக்கொண்டிருந்தார். அவ்வாறு பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜூலியெத்தா, உணவுப் பாத்திரத்தைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள். நஸிப்ரோலா எங்கே என்று வார்லாம் கேட்டார்.

“காது டாக்டர்கிட்டப் போயிருக்கா. வலது காது சுத்தமாப் போச்சு. இடது காதும் வசந்தகாலம் வரைக்கும் தாங்கினா பெரிசுன்னு சொல்லிட்டார். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னா. நான் சொல்லிட்டேன். ரொட்டி ஆறிடும், சாப்பிடு.”

வார்லாம் உண்ணவில்லை. தொப்பியைக்கூட எடுக்காமல் நகரின் மறுகோடியில் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் வேலையிடத்திற்கு நடந்து சென்றார். மாக்வாலாவின் தலை நரைத்திருந்தது, காலணி மாறவில்லை. சாரத்தின் மேலிருந்து அவரைக் கூர்ந்து பார்த்தார்.

“தண்ணி குடுத்தாரே, அவரா?”

“அவன்தாம்மா. யோசிச்சுட்டேன்.”

“நல்லா யோசிச்சீங்க,” என்று கூறிய மாக்வாலா இறங்கி வந்தார். அதற்குமேல் அவரைக் குத்தவில்லை.

மாக்வாலாவின் விதிகள் இவை: வேலையாட்கள் தத்தம் உணவைத் தாமே கொண்டுவருவர், வார்லாம் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை வீட்டிற்குள் இருக்கலாகாது. அவர் பணிமனையில் விடுப்பு எடுத்துக்கொண்டு, தம் வாசலுக்கு வெளியே, தெருவோரத்தில் ஒரு மரக்கட்டையில் அமர்ந்திருந்தார். முதுமை எய்திய வலிகோவும் வேலைக்கு வந்தார். ஒருநாள் பத்து நிமிடம் தாமதித்தமைக்காக மாக்வாலா அவரைத் தெருவே கேட்கும்படி வைதார். வலிகோ முணுமுணுப்பின்றி ஏணியேறினார். கைமரங்கள் புதிதாய் நின்றன; ரீப்பர்கள் அடிக்கப்பட்டன; தகரம் விரிந்தது; வடிகுழாய் இறங்கியது. நாற்பத்தொன்றாம் நாள் மாக்வாலா வேலிக்கு வெளியே வந்து, முடிந்தது என்றார். வார்லாம் கட்டையிலிருந்து எழவில்லை. நாற்பத்தொரு நாளா என்று கேட்டார். ஆம், மழை குறுக்கிடாததால் நான்கு நாள் மிச்சம் என்றார் மாக்வாலா. வார்லாம் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். தலையில் தொப்பி இல்லாத நாளாயிருந்தால் கைகளால் மூடியிருப்பார்.

அக்டோபர் இறுதியில் மேகம் வந்தது. வார்லாம் முற்றத்தில் மேசை போட்டு, வேலியருகே சென்று, கொம்பை உயர்த்தினார். நரைத்த தலையோடு அவர் கூறிய அந்த வாழ்த்துரையை, முன்னதைவிடச் சிறந்தது என்றே கேட்டவர்கள் கூறுகின்றனர். மழையைப் பெயர் சொல்லி அழைத்தார், மன்னிப்புக் கேட்டார், கையையும் நீட்டினார். வேலிக்கு அப்பால் அவரது கை நனைந்தது. கையைப் பின்னுக்கு இழுத்தபோது மழை அதனோடு வரவில்லை. தெருவில் ஓங்கிப் பெய்தது. புதுத் தகரத்தில் ஒரு துளியும் விழவில்லை.

“அண்ணே,” என்றார் வலிகோ, நனைந்த தாடியைத் துடைத்துக்கொண்டு, “பத்தொன்பது வருஷம் வாசல்ல நிக்க வெச்சா, நான்கூட உள்ள வர மாட்டேன். நான் எப்பேர்ப்பட்ட சாப்பாட்டுராமன்னு உங்களுக்கே தெரியும்.”

நஸிப்ரோலா வந்தாள். எவரும் அழைக்காமலே, கையில் குடையுடன் தெருவைக் கடந்து, குடையை மடக்கி, புதுப் படிகளில் ஏறி, மாடியறையில் தன் பழைய கட்டிலில், இடது காது மேலே இருக்குமாறு படுத்தாள். வார்லாம் வாயிலருகே நின்றார். சுற்றிலும் மழை இரைந்தது. தலைக்கு மேலே அமைதியாக இருந்தது. ஒரு மணி நேரம் அவள் அவ்வாறே கிடந்தாள். பின்னர் எழுந்து போர்வையைச் சீராக விரித்தாள்.

“கூரை நல்லா இருக்கு, வார்லாம். நெஜமாவே நல்லா போட்டிருக்காங்க.”

“வசந்தத்துல வரும். நான் மறுபடி கூப்பிடறேன்.”

“கூப்பிடு. ஆனா எனக்கு இருக்கிறது இந்தக் குளிர்காலம் மட்டுந்தான். கேக்கிற எடத்துல படுத்துக்கறேன்.”

அவள் குடையை விரித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். வார்லாம் அவளைத் தடுக்கவில்லை.

மருத்துவர் கூறியதற்கு மாறாக அவளுடைய இடது காது மே மாதம்வரை தாங்கியது. ஜூன் மாதம் முதல் அவளுக்கு ஒன்றும் கேட்பதில்லை. வார்லாம் பணி ஓய்வு பெற்றுவிட்டார். மேகம் மலைக்கு மேலே தோன்றும்போது அவர் கதவைச் சாத்திவிட்டு எதிர்வீட்டு மாடிக்குச் செல்கிறார். கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்து, நஸிப்ரோலாவின் உள்ளங்கையைத் தம் மடியில் வைத்து, விரல்நுனிகளால் அதில் மழையைத் தட்டுகிறார். தூறலாயின் ஒரு விரலால், பெருமழையாயின் பத்து விரல்களாலும். அவள் கண்களை மூடிக்கொள்கிறாள். தவறாகத் தட்டினால், “இல்ல, இது அவ்ளோ பெருசு இல்ல, ஜன்னல்ல பாரு,” என்று கடிந்துகொள்கிறாள். மழை நிற்கும்வரை அவர் நிறுத்துவதில்லை. சில வேளைகளில் அது இரண்டு நாள் நீடிக்கிறது. வார்லாமின் கூரை இன்றளவும் போட்ட நாளின் பளபளப்போடு இருக்கிறது. நகரில் துருப்பிடிக்காத தகரம் அது ஒன்றே. மழை நாட்களில் அவர் வீட்டில் இருப்பதில்லை என்பது மின்கட்டணச் சீட்டு கொண்டுவரும் பெண்ணுக்கும் தெரியும். அந்நாட்களில் அவள் சீட்டை ஜூலியெத்தாவிடம் கொடுத்துவிட்டு, காயவைத்த தன் துணிகளை எடுத்துக்கொள்ள அவர் முற்றத்திற்குள் செல்கிறாள்.